கன்னி மூலைப் பாரம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மாமாவின் நுரையீரல் இறுகத் தொடங்கியது. இனி வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துத்தான் மூச்சு விட வேண்டும் என்று சிதம்பரத்து டாக்டர் சொன்னார்.
2. மெஷின் கரண்டில் ஓடுவது. மின்வெட்டு நீண்டுகொண்டே போனது.
3. வீட்டு மேல் சோலார் பேனல் போட முடியுமா என்று பார்க்க அத்தை என்னைக் கூப்பிட்டார்.
4. போய்ப் பார்த்தேன். முடியாது என்றேன்.
5. புயல் அடித்தது.
6. மறுபடி போய்ப் பார்த்தேன். முடியும் என்றேன்.
7. பேனல்களை ஏற்றிக்கொண்டு மூன்றாம் முறை போனேன்.

கடலூரில் ஒரு சோலார் கடையில் எனக்கு வேலை. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். கேட்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், மாடி ஏறி, ஆகும் அல்லது ஆகாது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். திரும்பியதும் முதலாளிக்கு இப்படி ஒன்று இரண்டு என்று எண் போட்டுச் சொல்லிப் பழகிவிட்டேன். அத்தையின் விஷயத்தில் ஏழோடு நிற்க முடியவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் ஏழாவது விளங்காது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கடலூர்ப் பக்கம் எங்கள் குப்பத்தில் பிறந்து, பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். பிள்ளை இல்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார். குள்ளமான உருவம், அதற்குப் பொருந்தாத குரல். யாராவது எதையாவது முடியாது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது. தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு கேட்பார்:

"ஆவாதுன்னு சொல்லு, தப்பில்ல. எதுனால ஆவாதுன்னு சேத்துச் சொல்லு."

காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய வேலை.

டவுன் பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றக் கூடாது என்று ஒரு கண்டக்டர் தகராறு செய்தார். எதனால் என்று கேட்டதற்கு, நாறுது, மற்றவர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள் என்றார். மறுநாள் அத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸ் கொட்டி மீனை அடுக்கி, மூடிக்கு மேல் ஒரு கட்டு மரிக்கொழுந்தை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மோந்து பாருப்பா. மோந்து பாத்துட்டு அப்புறம் விசில் ஊது."

"யக்கா, இது மீனா, மாப்பிள்ள ஊர்வலமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு கடைசி சீட்டுக்குப் பின்னால் அந்த டிரம்முக்கு என்று ஓர் இடம் உண்டு.

சுனாமியில் என் பள்ளிச் சான்றிதழ்கள் வீட்டோடு போய்விட்டன. பாலிடெக்னிக்கில் சேர மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தொலைந்துபோனது உண்மை என்று போலீஸில் எழுதி வாங்க வேண்டும். அம்மா அப்போது யாரோடும் பேசும் நிலையில் இல்லை. அத்தைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் இருந்தவர் கேட்டார்:

"எங்க தொலஞ்சுது?"

"கடல்ல."

"கடல்ல எந்த எடத்துல? எடம் எழுதணும்மா."

"ஜீப்ப எடுங்க சார், காட்டுறேன். நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

 நான் பயந்துபோய் அத்தையின் முந்தானையைப் பிடித்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. இடம் வேண்டும் என்கிறார்கள், அதனால் காட்டத் தயாராக இருந்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்தார். நான் படித்தது அப்படித்தான்.

இதில் சிரமமும் உண்டு. விருப்பமில்லை என்று அத்தையிடம் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. மனம் இல்லாததற்குக் காரணம் கேட்டால் மனிதர்கள் பொய் சொல்லத் தொடங்குவார்கள். அத்தை அந்தப் பொய்யையும் நம்பி வேலை செய்வார். மாமாவின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு முறை அண்ணனோடு சேர்ந்து வலை வாங்க மனமில்லாமல் இடுப்பு வலி என்று சொல்லிவைத்தார். அத்தை காட்டுமன்னார்கோயிலிலிருந்து எண்ணெய் வரவழைத்து, அவருடைய மனைவியை உட்காரவைத்துத் தேய்க்கும் முறையைக் காட்டிக் கொடுத்து, தினமும் காலையில் வாசலில் நின்று விசாரித்தார். "அண்ணி, வலி போயிடுச்சு, வலையும் வாங்கிடலாம், இனிமே எண்ணெ மட்டும் வாணாம்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டது வரைக்கும் விடவில்லை.

சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் அத்தைக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. தட்டையான தளம், வெளிப்பக்கம் படி. மாமா படகு என்ஜின் பழுது பார்ப்பவர். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வருடத்தில் அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் நடந்தால் வாங்கியது, அப்புறம் உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. இனிக் குணமாக்க ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அத்தை எதனால் என்று கேட்டார். நுரையீரல் கல் மாதிரி இறுகிக்கொண்டே வருகிறது, அதை மறுபடி இளக்க மருந்து இல்லை, ஆனால் ஆக்சிஜன் கொடுத்தால் நாட்கள் கிடைக்கும் என்றார் அவர். அத்தைக்கு அந்தப் பதிலின் பின்பாதிதான் காதில் விழுந்தது.

மெஷின் வந்தது. கரண்டு போனால் அது வீல் என்று கத்தும். மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் குளித்துக்கொண்டிருந்தாலும் அத்தை ஓடுவார்; மெஷின் குழாயைக் கழற்றி ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டுவார். சிலிண்டரைச் சிதம்பரத்தில் நிரப்பி ஷேர் ஆட்டோவில் கொண்டுவர வேண்டும். இன்வெர்ட்டர் வைத்துப் பார்த்தார்கள். கரண்டு வரும் நேரத்திலும் வோல்டேஜ் இல்லாததால் பேட்டரி நிறையவே இல்லை. ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள். அதன் புகை மாமாவை இருமவைத்தே கொன்றுவிடும் போலிருந்தது. மார்க்கெட்டுக்குப் போவதை அத்தை பாதியாகக் குறைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

முதல் முறை போனபோது வாசலில் நின்று சிரித்தார்.

"வா வா. ஒன்ன பொண்ணு பாக்க ஆளு வர வேண்டிய வயசுல, நீ வூடு பாக்க வந்திருக்க. பஜ்ஜி சொஜ்ஜி போடணுமா?"

உள்ளே கட்டிலில் மாமா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை நானும் அத்தையும் காத்திருந்தோம். பிறகு மேலே ஏறினோம்.

ஒரு வீட்டில் நான் பார்ப்பது நான்கு: வானம், நிழல், தளம், தூரம். பேனலில் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அதோடு சேர்த்துக் கட்டிய எல்லாப் பேனலும் சோர்ந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரைக்கும் அங்கே வெயில் தடையில்லாமல் விழ வேண்டும். அத்தை வீட்டில் தடை இரண்டு இருந்தன.

ஒன்று, தண்ணீர்த் தொட்டி. தென்மேற்கு மூலையில் நின்றது. அதைக் கன்னி மூலை என்பார்கள். வீட்டில் அந்த மூலைதான் உயரமாகவும் பாரமாகவும் இருக்க வேண்டும், குறைந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்று நம்பிக்கை. நான் ஏறிப் பார்த்த மாடிகளில் முக்கால்வாசியில் தொட்டி அங்கேதான் நிற்கும். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் சரியாகப் பேனல் வைக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். மழை மேகத்தைவிட எனக்குப் பெரிய தொல்லை கன்னி மூலைத் தொட்டிதான்.

இரண்டாவது, தெற்கே கொழுந்தனார் வீட்டை ஒட்டி நின்ற பெரிய வேப்பமரம்.

"தொட்டியா? எறக்கிட்டாப் போச்சு. தண்ணிய கொடத்துல மொண்டுக்கறேன்" என்றார் அத்தை. "அப்புறம்?"

"மரம், அத்தை."

அவர் மரத்தைப் பார்த்தார். அடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. குடியிருப்பு வருவதற்கு முன்பே அது அங்கே அம்மனாக நின்றது.

"கெளய வெட்டினா போதுமா?"

"போதாது. பாதிக்கு மேல எடுக்கணும். எடுக்காம ஆகாது."

"அதுங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

கேட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மரத்தடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் செய்து பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். அவருக்குச் சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த வெள்ளியும்.

"செவப்பேதான் வருது பாப்பா" என்றார் போனில். "ஆவாதுன்னு சொல்லுது, சரி. எதுனாலன்னு சொல்ல மாட்டேங்குதே."

நான் சிரித்துவிட்டேன். எதிர்ப்பக்கம் சிரிப்பு வரவில்லை. மெஷின் கத்தும் சத்தம் கேட்டது, போன் கட்டானது.

அந்த வருடக் கடைசியில் புயல் அடித்தது. கடலூரிலிருந்து நான் சிதம்பரம் போன வழியெல்லாம் மின்கம்பங்கள் வயலுக்குள் சாய்ந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துவிட்டதாக பஸ்ஸில் அழுதுகொண்டே ஒருவர் சொன்னார். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவை சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வார்டுக்கு வெளியே, நடைபாதையில், சுவரில் சாய்ந்து அத்தை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது:

"மரம் வுழுந்துடுச்சு."

"எல்லாம்தான் விழுந்து கெடக்கு, அத்தை."

"நா அந்த ஒரு மரத்ததான கேட்டேன்." குரல் தாழ்ந்திருந்தது, அவருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "ஒரே ஒரு மரம். அதுவும் பாதி. ஊரையே எடுத்துக்கும்னு எனக்கு எப்பிடி பாப்பா தெரியும்?"

"நீங்க கேட்டதுனால வரல, அத்தை."

"பின்ன எதுனால?"

நான் படித்ததைச் சொன்னேன். கடல் சூடாவது, காற்று மேலே எழும்புவது, சுற்றி நாலா பக்கமும் இருந்து காற்று உள்ளே ஓடிவருவது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

"சரி. எப்ப வந்து பாக்குற?"

மாசியில் போனேன். அந்தக் குப்பத்தில் அப்போது மர நிழல் என்று ஒன்றே இல்லை. வேப்பமரம் கொழுந்தனார் வீட்டின் மேல் விழுந்து, அவர் தளத்தை ஒடித்துவிட்டுக் கிடந்தது, வெட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை தொட்டியை ஏற்கெனவே கீழே இறக்கிவைத்திருந்தார். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பங்கள் நட்டுக் கரண்டு திரும்பியிருந்தது. ஆனால் பகலில் பாதிக்குமேல் அது இருப்பதில்லை.

தளத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். கீழே வந்து அடிப்பக்கம் பார்த்தேன். மாமாவின் கட்டில் பின்னறையில், கன்னி மூலைக்கு நேர் கீழே கிடந்தது. தலைவர் படுக்க வேண்டிய இடமும் அதுதான் என்பார்கள். அந்த மூலையில் தொட்டி கசிந்து கசிந்து ஏற்பட்ட பழைய ஈரக்கறை இருந்தது. தொட்டி இறங்கிவிட்டதால் காய்ந்துவந்தது. சுவர்களுக்கு மேல் கால்கள் வரும்படி ஸ்டாண்டு போட்டால் தளத்துக்குப் பாரமே தெரியாது. வாசலுக்கு வந்து சொன்னேன்:

"ஆகும், அத்தை. ராத்திரிக்கு சிலிண்டர் வேணும். பகல் முழுக்க மெஷின் ஓடும். நடுவுல வேற எதையும் வைக்காதீங்க, கருவாடுகூட காயப்போட வாணாம்."

 அவர் உள்ளே போய் மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஆவுமாம்."

"எது?"

"நம்ம வூடு."

அந்த வருடம் எல்லோருக்கும் பேனல் வேண்டியிருந்தது. சரக்கு வரவில்லை. அத்தை தினமும் காலையில் கடைக்குப் போன் செய்தார். "லாரி வந்துச்சா?" வரவில்லை என்றால் எதனால் என்று கேட்பார். எங்கள் முதலாளி அந்தக் குரலுக்குப் பயந்து போனை எடுப்பதையே விட்டார். பங்குனி போனது. சித்திரை போனது. மெஷின் ஓடிய நேரத்தைவிடக் கத்திய நேரம் அதிகமானது. மாமா எலும்பும் குழாயுமாக இருப்பதாக அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

அந்த வெயிலில்தான் ஒரு நாள் கொழுந்தனார் அண்ணனைப் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்து, மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்:

"அண்ணி, கன்னி மூலைய இப்பிடி வெறுமையா வுட்டுட்டீங்களே. அண்ணன் எளைக்காம இன்னா பண்ணுவாரு?"

மாமா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணைத் திறந்துகொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இதையெல்லாம் நான் ஏழாவதில், மூன்றாம் முறை போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

வைகாசியில் சரக்கு வந்தது. முந்தின இரண்டு நாளும் கோடை மழை கொட்டியிருந்தது. மினி லாரியில் பேனலும் ஸ்டாண்டும் பேட்டரியும் ஏற்றி, பொருத்துகிற ஆட்கள் இருவரோடு காலையிலேயே போய்விட்டேன். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. வண்டியைப் பார்த்ததும் அத்தை வாசலுக்கு ஓடி வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலைப்படியில் நின்றார். மாமாவின் கட்டில் முன்னறையில் கிடந்தது. கரண்டு இல்லை, சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது.

"மேல போவாத" என்றார். "மொதல்ல உள்ள வந்து பாரு."

பின்னறையின் தென்மேற்கு மூலையில் தளம் பெயர்ந்து விழுந்திருந்தது. கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் காங்கிரீட் துண்டுகள் குவிந்து கிடந்தன. துருப்பிடித்த கம்பிகள் தொங்கின. அந்த ஓட்டை வழியாக நனைந்த சிமென்ட் சாக்கு ஒன்றின் வயிறு தெரிந்தது.

"அவருக்கு?"

"ஒண்ணும் ஆவல. இன்னிக்கு வெடிகாலைல வாய் கொப்புளிக்க வாசலுக்குத் தூக்கியாந்தேன். அப்பதான் வுழுந்துச்சு."

"மேல என்ன சாக்கு அத்தை அது?"

"மணலு."

ஏறிப் பார்த்தேன். கன்னி மூலையில் முழங்கால் உயரத்துக்கு மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கடற்கரை மணல். நெருக்கமாக, ஒழுங்காக, வெளிப்பக்கம் சரியாமல் இருக்கக் கயிறு போட்டு. நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று சாயங்கால வெயிலில் பார்த்துப் பார்த்து உயரம் வைத்திருக்கிறார். பேனல் வரும் இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நிழல் நின்றுவிடும். பாதியைத் தானும் பாதியைக் கொழுந்தனாருமாகச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் மழையையும் மணல் குடித்திருந்தது. தொட்டியின் கசிவு பல வருடமாகத் தின்றிருந்த கம்பிகள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. விரிசல் மூலையிலிருந்து கிளம்பிக் குறுக்காக ஓடி நடுத்தளத்தைத் தாண்டிப் போயிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்று, காலைப் பார்த்து எடுத்து வைத்து, சுவரோரமாக இறங்கினேன்.

அத்தை படிக்குக் கீழே காத்திருந்தார்.

"நடுவுல வைக்காதன்ன. நடுவுல வைக்கல பாப்பா. மூலைலதான் வெச்சேன்."

"ஆமா, அத்தை."

"சொல்லு. ஆவுமா?"

"ஆகாது."

"எதுனால?"

"தளம் போயிடுச்சு. மூலை மட்டும் இல்ல, பாதித் தளம். ஆளே ஏறக் கூடாது."

"மூட்டைய எறக்கிடறேன். இப்பவே எறக்கிடறேன்."

"எறக்கணும்தான். எறக்கினாலும் ஆகாது."

"பூசிட்டா?"

"உள்ள கம்பியே இல்ல, அத்தை. பூச்சு நிக்காது."

"கொழுந்தனாரு வூட்டு மேல?"

"அது மரம் விழுந்து ஒடிஞ்சு கெடக்கு."

"கீழ, வாசல்ல?"

"நாலு பக்கமும் சுவர் நிழல்."

அவர் கண் அங்கும் இங்கும் போனது. வண்டி, பேனல், வானம், எதிர் வரிசை வீடுகள். அந்த வீடுகளின் மேல் எல்லாம் புயலுக்குப் பின் போட்ட தார்ப்பாய்; அடியில் விரிசல் விட்ட தளம். நான் அவருக்குக் கொடுக்க வேறு காரணம் தேடினேன். அவரால் தூக்கி நகர்த்தக்கூடிய ஒரு சின்னக் காரணம். எதுவும் இல்லை.

உள்ளேயிருந்து மாமா கையை ஆட்டினார். மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"நாந்தான்... கேட்டேன்... பாரம்."

"நீங்க பேசாதீங்க. காத்து வீணாவுது" என்று அத்தை மாஸ்க்கை மறுபடி ஏற்றிவிட்டார். பிறகு என்னைப் பின்னறைக்கு இழுத்துப் போய், மாமா காதில் விழாத குரலில் பேசினார்.

"எனக்கு அந்த மூலை மேலல்லாம் நம்பிக்க கெடையாது. தொட்டிய எறக்குனவளே நாந்தான? அவருக்குத் தூக்கம் வரல. எதுனாலன்னு கேட்டேன். தலைக்கு மேல வெட்டவெளியா இருக்குற மாதிரி இருக்குதுன்னாரு. அதுக்கு நா இன்னா பண்ணுவேன்? வெச்சேன். வெச்ச அன்னிக்கே தூங்குனாரு பாப்பா. கொறட்ட வுட்டுத் தூங்குனாரு. எத்தினி நாளு கழிச்சு அந்தக் கொறட்டைய கேட்டேன் தெரியுமா?"

நான் தெரியும் என்று தலையாட்டினேன். எனக்கு எதுவும் தெரியாது. காங்கிரீட் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் அழுதார். அழுதபடியே குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். நானும் பொறுக்கினேன். வெளியே வந்தபோது பொருத்த வந்த ஆட்கள் ஸ்டாண்டின் கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். மறுபடி கட்டச் சொன்னேன். வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று அத்தை கஞ்சியும் கருவாடும் கொடுத்தார். அவர்கள் சாப்பிடும்போது கரண்டு வந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. 

அந்த வாரமே அத்தை மாமாவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் மின்லைனிலேயே இருக்கும் தெருவில் கரண்டு அவ்வளவாகப் போவதில்லை என்று மார்க்கெட்டில் விசாரித்து, அங்கே ஒரு கீழ் அறையை வாடகைக்குப் பிடித்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மெஷின் கத்துவது அங்கே அபூர்வம். அது நின்றுவிடுமோ என்று அத்தை ஒவ்வொரு சமையல் நடுவிலும் கரண்டியோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாமா அந்த அறையில் தூங்கினாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஐப்பசியில் மாமா இறந்தார். காலையில் அத்தை போன் செய்தார்.

"கரண்டு இருந்துச்சு பாப்பா."

உடனே மறுபடி சொன்னார்:

"மெஷினு ஓடிட்டுதான் இருந்துச்சு. சிலிண்டரும் முழுசா இருந்துச்சு. கரண்டு இருந்துச்சு."

மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகும், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அவர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் தலையாட்டினார்கள். எனக்குப் புரிந்தது, அதனால் அவர் பக்கத்தில் உட்கார முடியாமல் தண்ணீர் கொண்டுவரும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கும் நிலை இது. குப்பத்து வீட்டின் பின்னறைத் தளம் முழுவதும் இறங்கிவிட்டது. முன்னறையில் கொழுந்தனார் வலை போட்டு வைத்திருக்கிறார். அத்தை சிதம்பரத்தில் அதே கீழ் அறையில் இருக்கிறார், மார்க்கெட்டுக்குப் போகிறார். அந்த வண்டியில் ஏற்றிப் போன பேனல்கள் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டன. மெஷினை அத்தை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி நடைபாதையில் பழக்கமானவராம், அவருக்கும் நுரையீரல்தானாம். முப்பது வயதுகூட இருக்காது. அங்கே மின்வெட்டு நாளில் பாதிக்குமேல். போன வாரம் அத்தை கூப்பிட்டார், அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். கிழக்கே ஒரு கல்யாண மண்டபம் இருப்பதால் காலையில் பத்து மணிவரை நிழல். அந்த ஒரு மணி நேரத்தைப் பேட்டரி தாங்கும், தளம் நன்றாக இருக்கிறது. ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். சரக்கு இன்னும் வரவில்லை.